துண்டுக்கு அடியில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

தமிழ்ப்ரியாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவளிடம் இடிபட்டே வளர்ந்தவள் நான். இப்போது கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மொபைல் கடை வைத்திருக்கிறேன். அவள் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு நேரே கடைக்கு வந்து நிற்பாள். “ரஜீனா, அந்த மதர்போர்டு வேண்டாம் புள்ள” என்பாள். முந்தின நாள் அதே மதர்போர்டு வேண்டுமென்று என் உயிரை எடுத்தவள்தான்.

விஷயம் இதுதான். போனில் சும்மா விளையாட ஆரம்பித்தவள், ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவில் நல்ல பேர் எடுத்துவிட்டாள். குழுவின் தலைவன் கௌசிக், சாந்தன்பாறையில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்ப்பவன். இனிமேல் கம்ப்யூட்டரில்தான் ஆடப்போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை தேர்வு ஆட்டம், அதற்குள் மெஷின் இல்லாதவர் இடம் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டான். விட்டுத் தொலையேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். “அங்க மட்டுந்தான் புள்ள, எத்தன லிட்டர்னு என்னை யாரும் கேக்கறதில்ல” என்றாள். நான் கணக்குப் போடப் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

கையில் இருந்தது ஓணத்துக்கு வந்த பால் போனஸும் குறிச்சீட்டுப் பணமும். இரண்டும் அவள் சம்பாத்தியம். அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். பிராசஸரில் ஏற்றினால் மெமரிக்கான ராமில் இறக்க வேண்டியிருந்தது. ராமோ கேட்கிற நேரமெல்லாம் விலை ஏறியிருந்தது. பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதே, மட்டமானதைப் போட்டால் மொத்தமும் புகைந்துவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். சரி என்று போவாள். வீடு போய்ச் சேருமுன் மனசு மாறி மெசேஜ் வரும்.

அவள் புருஷன் பூபதிராஜா நல்ல மனுஷர்தான். மாடு வாங்கி விற்பவர். பொள்ளாச்சிச் சந்தையில் விலை பேசும்போது இரண்டு பேர் கைகோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்தே கணக்குச் சொல்வார்கள். ஒட்டி நிற்பவனுக்குக்கூட எவ்வளவு என்று தெரியாது. அந்த வித்தையில் பூபதி அண்ணன் ஏமாந்ததே இல்லையாம். பெண்டாட்டி இப்படி அல்லாடுவதைப் பார்த்து, அவருக்கும் உதவவேண்டும் என்று தோன்றிவிட்டது. கோவிந்தாபுரத்துத் தரகர் மாரப்பன் வீட்டில் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று சும்மா கிடக்கிறது என்று செய்தி கொண்டுவந்தார். நாங்கள் மூன்று பேரும் போனோம்.

மாரப்பனின் மகன் வெளிநாடு போகுமுன் கம்ப்யூட்டரில் டிஜிட்டல் நாணயம் எடுத்துச் சம்பாதிக்கிறேன் என்று மாட்டுக் கொட்டகையில் வைத்து ஓட்டிய கார்டு அது. ஆனால் மாரப்பன் மறைக்கவில்லை.

“ரெண்டு வருசம் ராப்பகலா ஓடுச்சு பூபதி. பொய் சொல்ல மாட்டேன்.”

பூபதி அண்ணன் முகம் மலர்ந்துபோனது. “அப்ப வேல பழகினதுதானுங்க. புதுசுன்னா சண்டியா, நல்லதான்னு யாருக்குத் தெரியும்?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ராப்பகலாகக் காய்ந்த கார்டு என்றைக்குப் படுக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மகனின் பழைய மெஷினில் மாட்டிப் பார்த்தபோதே விசிறி முனகியது. வேண்டாங்க என்று தமிழ்ப்ரியா அவர் காதோடு சொன்னாள். விலையைக் குறைக்க நடிக்கிறாள் என்று நினைத்து, அந்த மனுஷர் அவளைப் பார்த்து மெச்சிக் கண்ணடித்தார். பிறகு கையை நீட்டித் துண்டைப் போட்டு மூடினார்.

துண்டு ஏறி இறங்கியது. மாரப்பன் தலையாட்டினார், இவர் உதட்டைப் பிதுக்கினார், மறுபடி ஏறி இறங்கியது. தமிழ்ப்ரியா ஒரு காலை மாற்றி ஒரு கால் வைத்துத் தவித்தாள். இங்கே ஒரு ஆயிரம் கூடினால் அங்கே ராம் இல்லை. இரண்டு கூடினால் பவர் சப்ளை இல்லை. அது இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. மாரப்பன் முகத்தில் சிரிப்பு வந்ததும் இவள் எட்டித் துண்டை உருவிவிட்டாள்.

பேச்சு நடுவே துண்டை உருவுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று மாட்டுத் தரகு தெரியாத எனக்கே தெரியும். பூபதி அண்ணனின் விரல்கள் மாரப்பன் கைக்குள் அப்படியே இருந்தன.

“எத்தனைங்க?” என்றாள்.

மாரப்பன்தான் பதினாலாயிரம் என்றார். அதில் பாதிகூடப் பெறாத பொருள்.

“அது எம் பணமுங்க. எனக்குத் தெரியற மாதிரி பேசுங்க.”

தரகு பேசும் இடத்துக்குப் பெண்டாட்டியை இப்படித்தான் கூட்டிவருவதா என்று மாரப்பன் பூபதி அண்ணனைக் கேட்டார். அவர் கீழே கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறப் போய்விட்டார்.

நாங்கள் அப்படியே பொள்ளாச்சிக்குப் போனோம். சின்னதாக, வாரண்டியோடு புதுக் கார்டு ஒன்று. நல்ல பவர் சப்ளை. விளக்கெரியும் கண்ணாடிப் பெட்டிதான் அவள் ஆசை. அதை விட்டுவிட்டுத் தகரப் பெட்டி எடுத்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் மதர்போர்டு டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தாள். தப்புப் பண்ணிவிட்டேனா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கார்டைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மெஷினை அவள் வீட்டிலேயே உட்கார்ந்து மாட்டினோம். முதல் தடவையே திரையில் வெளிச்சம் வந்தது. ஆனால் வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. சேதி எங்களுக்கு முன்பே சந்தைக்குப் போய்விட்டது. ‘பூபதி, துண்டு பத்திரம்’ என்று போகிற வருகிறவனெல்லாம் சொன்னானாம். அவர் சாப்பிடுவார், கை கழுவுவார், கொட்டகைக்குப் போய்விடுவார். நாலு வார்த்தை திட்டினால்கூடப் பரவாயில்லை என்று என்னிடம் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு நானும் போனேன். ஆட்டம் கறவைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சாந்தன்பாறையில் மழை, கரண்டு போய்விட்டது. கௌசிக் ஆன்லைனில் வந்து சேர்ந்தபோது பால் நேரம். கொட்டகையில் சிந்துமாடு கத்தத் தொடங்கியது. அது அவள் கைக்கு மட்டும்தான் பால் விடும். வேறு யார் போனாலும் உதைதான். சொசைட்டி மூடினால் பால் வீண், கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும். எனக்கோ கறக்கத் தெரியாது. அவள் கண் திரையில், காது கொட்டகையில்.

“இப்ப எந்திரிச்சீங்கன்னா ஆள மாத்தவேண்டி வந்துரும்க்கா” என்றான் கௌசிக். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அவள் கை மவுஸிலிருந்து நகர்ந்தது.

அப்போது மாட்டின் சத்தம் நின்றது.

நான் ஜன்னலுக்குப் போனேன். கொட்டகை ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. பூபதி அண்ணன் சட்டைக்கு மேல் தமிழ்ப்ரியாவின் பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு, அவள் வாசத்தில் மாட்டை ஏய்த்து, மடிக்குக் கீழே குந்தியிருந்தார். பூப்போட்ட நைட்டி, முழங்காலில் சுருண்டு நின்றது. வாளியில் பால் சர் சர்ரென்று விழுந்துகொண்டிருந்தது. சொசைட்டிக்குப் போகிறவர்கள் பைக்கை நிறுத்திவிட்டார்கள். சந்தைக்காரர்களும் இருந்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். என்ன பூபதி, இதென்ன கோலம் என்று கத்திச் சிரித்தார்கள்.

அவர் தலையை மட்டும் திருப்பினார். கை நிற்கவில்லை.

“ஊட்டுல அவ ஆடிட்டிருக்கறா. சத்தம் போடாதீங்க.”