கிணற்று உடும்பின் இருப்பிடம்

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். கிணற்றுக் கல்கட்டின் இடுக்கிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி ஓர் உடும்பு வெயில் காய்கிறது. கழுத்துத் தோலின் மடிப்பு, நகத்தில் ஒட்டிய செம்மண், பாதி மூடிய கண், எல்லாம் அவ்வளவு தெளிவு. என் செல்போனில் ஒரு செயலி இருக்கிறது. கண்ணில் பட்ட பறவையையோ பாம்பையோ படமெடுத்துப் போட்டால் அதுவே பெயர் சொல்லும். முகம் தெரியாத நாலு பேர் வந்து ஆமாம் என்பார்கள். வங்கியில் நாள் முழுக்க அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்க்கிற எனக்கு, யாராவது ‘அருமையான பதிவு’ என்று எழுதிவிட்டால் அன்றைக்குச் சோறுதண்ணியே வேண்டாம். அவ்வளவு அற்பமான ஆள் நான்.

கருமத்தம்பட்டிக்குத் தெற்கே, தறிச் சத்தம் கேட்காத தூரத்தில் என் அத்தையின் தோட்டம். அப்பாவின் அக்கா. கணவர் போனபின் சாளையிலேயே, தோட்டத்துக்குள் இருக்கும் சிறு வீட்டிலேயே, தனியாக இருக்கிறாள். கிணறு அவளுக்கும் பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கும் பொது. அவர் அத்தையின் கணவருக்குப் பங்காளி, தம்பி முறை. மூன்று நாள் இவள் தண்ணீர் முறை, மூன்று நாள் அவர் முறை. அவர் மோட்டார் பத்து நிமிடம் கூட ஓடினால் போதும், அத்தை வரப்பில் நின்று வசவாலேயே அவரை உரித்துவிடுவாள். இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்த உடும்பு. அது கோழிமுட்டையைக் குடித்துவிட்டுப் போகும். அத்தை கல்லெடுத்து எறிவாள், மேலே படாமல். வெளியே தெரிந்தால் கறிக்குப் பிடித்துப் போவார்கள் என்று இரண்டு வீட்டாருமே யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

நான் விட்டேன். செயலியில் இடத்தை மறைத்து வைக்க வசதி உண்டு. துல்லியமாக இடம் கொடுத்தால்தான் பதிவுக்கு மதிப்பு என்று யாரோ எழுதியதைப் படித்திருந்ததால் மறைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஒருவர் கேட்டிருந்தார்: ‘இன்னும் அங்கேயே இருக்கிறதா?’ என்னையும் மதித்து ஒருவர் கேட்கிறாரே என்ற பூரிப்பில் உடனே பதில் போட்டேன். ‘ஆமாம். தினமும் பத்து மணிக்கு அதே கல்லில் வெயில் காயும்.’ கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

இரண்டு பைக்கில் மூன்று பேர், ஒரு நாயோடு வந்தார்களாம். பத்து மணிக்குத்தான். இரும்புக் கொக்கியை இடுக்கில் விட்டு உடும்பை இழுத்திருக்கிறார்கள். அது கல்லை விடவில்லை. இழுத்த இழுப்பில் முன்கால் ஒன்று பிய்ந்து கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. அதை நானே பிறகு பார்த்தேன். உயிரோடு இருக்கும்போதே முதுகெலும்பை மிதித்து முறித்து, வாலைக் கழுத்தோடு சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். அத்தை மண்வெட்டியோடு ஓடி ஒருவன் தோளில் போட்டாள். இன்னொருவன் கடப்பாரையால் அவள் மணிக்கட்டில் அடித்தான். விழுந்தவளை வயிற்றில் உதைத்துவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் வலது கைக்குத் தகடு வைத்தார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட இருந்தேன். அத்தை மோட்டுவளையைப் பார்த்தபடி கணக்காகச் சொன்னாள்: “செல்லப் பாத்துப் பாத்து நேரா கெணத்துக்கே வந்தானுங்க அம்மணி. அது அங்க இருக்கறது எனக்குத் தெரியும், பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்குத் தெரியும். மூணாவது ஆளு ஆரு?” வெளியே போய், நடைபாதையில் நின்று, பதிவை அழித்தேன். கேள்வி கேட்டவனின் பெயரும் அதோடு போயிற்று. போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. உள்ளே வந்து அத்தைக்கு ரசஞ்சோறு ஊட்டினேன். இப்படியே நாலு நாள்.

ஐந்தாம் நாள் சாளைக்கு அழைத்து வந்தேன். மாமா விசாரிக்க வந்தார், ஒரு குலை இளநீரோடு. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். “ஏனுங் நங்கை, கை இப்பத் தேவலைங்களா?” என்று கேட்டபடி அரிவாளைக் கட்டில் மேல் வைத்துவிட்டுக் குலையை அவிழ்க்கக் குனிந்தார். அத்தை இடது கையால் அரிவாளை எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் வெட்டு கழுத்துக்கு வந்தது. அவர் கையைக் குறுக்கே கொடுத்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இளநீர்க் காய்களுக்கு நடுவே விழுந்தன. ரத்தம் சுவர் வரை அடித்தது. “நானுங்களா? நானுங்களா நங்கை?” என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அரிவாள் மறுபடி ஓங்கியபோதுதான் எனக்கு வாய் வந்தது. “அத்தை, நாந்தானுங்க! நாந்தான் செல்லுல போட்டேன்!”

அரிவாள் அப்படியே நின்றது. அத்தை என்னைப் பார்த்தாள், பிறகு அவர் கையைப் பார்த்தாள். தன் சேலைத் தலைப்பைப் பல்லால் கிழித்து அவர் கையில் சுற்றினாள். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வரவில்லை. நான் உதவப் போனபோது என்னைத் தள்ளிவிட்டாள். முடிச்சை அவரே போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மாமா, “மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டற மிசின்ல கைய உட்டுப்போட்டனுங்க” என்றார். விரல்களை ஒட்டவைக்க முடியவில்லை. இன்றுவரை அவர் வேறு மாதிரி சொன்னதில்லை.

செயலியைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை, வைத்திருக்கிறேன், இடத்தை மறைத்துப் போடுகிறேன். இரண்டு வருடமாகிறது. அத்தை இப்போது முறை பார்ப்பதில்லை. மாமா எத்தனை நாள் மோட்டார் ஓட்டினாலும் வரப்புப் பக்கமே போவதில்லை. அந்த மௌனம் தாங்காமல் போன மாதம் நானே கேட்டேன், என்னை இரண்டு அறையாவது அறைந்துவிடக் கூடாதா என்று. அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பாது.

“நீ போட்டது தெரியாமப் போட்டது அம்மணி. அதுக்கு ஆரு உன்னையச் சொன்னா? நாலு நாளு எம் பக்கத்துலயே உக்காந்து சோறூட்டுனியே. ஒரு வாய்க்கும் இன்னொரு வாய்க்கும் நடுவுல சொல்லியிருக்கலாமில்ல?”

நானும் கீரையை உருவ உட்கார்ந்தேன். அத்தை முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.