முழங்கால் முதல் கணுக்கால் வரை

எண்டர் அழுத்தும் முன் ஜஹீதா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். திரையில் காலிப்பர் நீளும். வார் கோக்கும் துளைகளும் கணுக்கால் மூட்டும் தாமாக நகர்ந்து உரிய இடத்தில் உட்காரும். அதன் பிறகுதான் மூச்சு.

நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளின் காலைத் தாங்கும் கூடு அது. மயிலாப்பூரில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பட்டறையில், ஒரு பிள்ளைக்கு ஒரு முறைதான் வரைவாள். எது மாறினால் எது மாற வேண்டும் என்று கோட்டுக்குக் கோடு விதி கட்டிவைப்பாள். அடுத்த வருஷம் புது அளவைப் போட்டால் போதும். கடைசியில், பதினெட்டு வயதில் வரக்கூடிய நீளத்தையும் போட்டுப் பார்த்துவிடுவாள். "அதுவரைக்கும் படம் ஒடையாம வரணும்ல அண்ணே?"

அண்ணன் ஷாஹுல் ஹமீது எட்டாவதோடு நின்றவர். இருபது வருஷம் பள்ளிச் சீருடை தைத்தவர். அளவெடுப்பதும் வார் தைப்பதும் அவர் வேலை. கம்ப்யூட்டரை மட்டும் தொடமாட்டார். ஆனால் அவள் கட்டிய விதிகளில் ஒன்று அவர் சொன்னது: "வளர்ற புள்ளைக்கு நீளம் ஏறினா சுத்தளவும் ஏறும். கொறையவே கொறையாது." தெருவில் அதை அவர் சொல்லிக்காட்டாத ஆள் கிடையாது. "உள்ள என் பேச்சும் ஒண்ணு கீது, தெரியுமா?"

இந்த ஜூனில் ஒன்பது வயது ஷ்ரேயா வந்தாள். தசை கரையும் நோய். பதினைந்தைத் தாண்டுவது அரிது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவள் அம்மா சந்திரிகா போன வருஷம் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தாள்.

காலின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்தது. "வளந்துகினே போறா பாய்" என்று சந்திரிகா சிரித்தாள். கெண்டைக்கால் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

ஜஹீதா இரண்டையும் போட்டாள். படம் முழுக்கச் சிவந்தது. விதிக்கு அளவு ஒத்துவரவில்லை.

ஷாஹுல் மறுபடி அளந்தார். "பாய் மாமா, கூசுது!" என்று ஷ்ரேயா நெளிந்தாள். மூன்றாவது முறையும் அதே எண்தான்.

"டேப்புல இன்னா கோளாறு பாய்?"

"பழசும்மா. இழுத்துக்கிச்சு."

ஜஹீதா அண்ணன் பக்கம் திரும்பவில்லை. அவர் சொன்ன விதியைத் தேடி எடுத்து அழித்தாள். சிவப்பு போயிற்று. கூடு நீண்டு, மெலிந்து நின்றது. சேமித்துவிட்டு மூடப்போனாள்.

"ஆன்ட்டி, நான் பெரிசானா வர்ற காலு? போன வாட்டி காட்டுனியே!"

ஜஹீதா பதினெட்டு வயது நீளத்தைத் தட்டினாள். விரல் எண்டருக்கு மேலேயே நின்றது.

ஷாஹுல் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தங்கையின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, தானே அழுத்தினார்.