தகரக் கொக்கும் கவட்டைக் கம்பும்

நகர விழா ஊர்வலத்தில் இருப்பதிலேயே உயரமான வண்டியின் உச்சியில் ஒரு ஆள் நிற்பார். கையில் நீளமான கம்பு. நுனி கவட்டையாகப் பிரிந்து, இரண்டு கொம்பிலும் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். தெருவுக்குக் குறுக்கே தொங்கும் கம்பிகளைத் தூக்கிப் பிடித்து, வண்டியைக் கீழே போகவிட்டு, மெதுவாக இறக்குவதுதான் அவர் வேலை. கவட்டை என்றால்தான் ஊருக்குத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க யோசிப்பார்.

முன்பு கேபிள் டிவிக்குக் கம்பி இழுத்தவர். அந்தத் தெருக்களில் குறுக்கே ஓடும் கம்பியில் முக்கால்வாசி அவர் கட்டியது. "கட்டினவனே வந்து தூக்கிப் பிடி" என்று ஒரு வருஷம் விழாக்காரர்கள் கூப்பிட்டார்கள். போனார். அதற்கப்புறம் ஒரு வருஷமும் விட்டதில்லை. பத்திரிகையில் ஊர்வலப் படம் வந்தால் பொம்மைக்கு மேலே அவருடைய முழங்கால் மட்டும் தெரியும். "என் முட்டிக்கு இருக்கிற பேரு மூஞ்சிக்கு இல்ல" என்பார்.

இந்த வருஷம் தகரக் கொக்கு. லாரி மேல் இரும்புக் குழாயில் எலும்புக்கூடு கட்டி, பழைய தகரத்தை இறகு இறகாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஊர்வலம் முடிந்ததும் மணிக்கூண்டுச் சதுக்கத்தில் நிரந்தரமாக நிறுத்திவிடப் போகிறார்கள். அதன் கழுத்தை வெல்டிங் செய்தது கவட்டையின் மகள். அதை ஆட்டுவதும் அவள்தான். கொக்கின் வயிற்றுக்குள் உட்கார்ந்து இரும்புப் பிடியை இழுத்தால் கழுத்து நிமிரும், தளர்த்தினால் மடங்கும். உள்ளே இருந்து வெளியே ஒன்றும் தெரியாது. சதுக்கத்தில் மேளக்காரர்கள் வேகமான அடிக்கு மாறியதும் தூக்க வேண்டும். தூக்கக் கூடாது என்றால் முதுகின் மேல் நிற்கும் அப்பா குதிகாலால் ஒரு மிதி மிதிப்பார். அதுதான் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில்தான் காலையிலேயே சண்டை.

"ஒத்திகையில நீங்க மிதிச்ச மிதியில கொக்கு பாதியில நின்னுச்சு. துணி காயப்போடுற கொடிக்கெல்லாமாப்பா மிதிப்பீங்க?"

"கொடியா கம்பியான்னு மேல நிக்கிறவனுக்குத்தான் தெரியும்."

"மேளக்காரங்க என்னைச் 'சுளுக்குக் கொக்கு'ன்னு கூப்பிடுறாங்க. இன்னைக்கு நான் மேளத்தத்தான் கேப்பேன். நீங்க மேல குதிச்சாலும் தூக்கத்தான் போறேன்."

"தூக்கு. அப்புறம் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு வாய் பேசு."

லாரி ஓட்டுகிற மச்சினன் குறுக்கே வந்தான். "மாமா, கிளம்புற நேரத்துல இதெல்லாம் ஒரு பேச்சா? நீ உள்ள ஏறும்மா."

அவள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். கொக்கு முழுக்க அதிர்ந்தது.

சதுக்கத்துக்கு முன்னால் வருகிற கடைசிக் கம்பி, மருத்துவமனைக்குப் போகும் மின்கம்பி. மற்ற தெருக்களில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். இதை நிறுத்த முடியாது. மேலுறை வேறு வெயிலில் வெடித்து, உள்ளே செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கவட்டை முந்தின நாளே லாரியைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்திருந்தார். கழுத்து மடங்கியிருந்தால் ஒரு சாண் இடைவெளி. கம்பால் இன்னும் கொஞ்சம் தூக்கினால் தாராளமாகப் போய்விடலாம்.

ஊர்வலம் அந்தக் கம்பியை நெருங்கியபோது லாரியில் இருந்த மேளக்காரர்களுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. எழுந்து நின்று குச்சியை ஆகாயத்தில் வீசி ஆடினார்கள். ஒருவன் குச்சி கம்பியில் பட்டால் போதும்.

"டேய் குரங்குகளா, இறங்குங்கடா! நடந்து போய் அடிங்க!" என்று கவட்டை கத்தினார்.

கூட்டமாகக் குதித்தார்கள். அத்தனை பேருடைய பாரமும் இறங்கியதும் லாரி முதுகை நிமிர்த்தியது. காலடியில் தகரம் மேலே வருவதைக் கவட்டை உணர்ந்தார். முந்தின நாள் அளந்தபோது இவர்கள் எல்லோரும் லாரியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சாண் போய்விட்டது. இறங்கச் சொன்னதும் அவரேதான்.

கம்பைக் கொடுத்துக் கம்பியைத் தூக்கினார். "போடா, போ!" என்று மச்சினனுக்குக் குரல் கொடுத்தார். லாரி நகரவில்லை. முன்னால் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. கொக்கின் தலை சரியாகக் கம்பிக்கு அடியில். மச்சினன் ஹாரனை அழுத்திப் பிடித்தான், யாருக்கும் கேட்கவில்லை. சதுக்கத்தின் வாசலைக் கண்ட மேளக்காரர்கள் வேகமான அடியைத் தொடங்கிவிட்டார்கள்.

கவட்டை குதிகாலால் ஓங்கி மிதித்தார்.

கொக்கின் கழுத்து கிறீச்சென்று எழும்பத் தொடங்கியது. சொன்னபடியே செய்கிறாள், படுபாவி.

இன்னொரு மிதி. கழுத்து நிற்கவில்லை. உள்ளே அவள் இரண்டு கையாலும் பிடித்திருப்பது வெறும் இரும்பு. கவட்டை கம்பியை இன்னும் மேலே தள்ளினார். கை எட்டிய மட்டும் எட்டியாயிற்று. முன்னங்காலில் எம்பி நின்றார். அலகுக்கும் கம்பிக்கும் நடுவே விரல் நுழையும் அளவுதான் இருந்தது. இனி மிதிக்கக் கால் இல்லை. ஒரு காலை எடுத்தால் கம்பு சரியும், கம்பி விழும். "பாப்பா! பாப்பா!" என்று கத்தினார். மேளம் அதை விழுங்கியது.

கெண்டைக்கால் இரண்டும் உதறத் தொடங்கின. அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. தளர்ந்திருந்த தகரம் ஒன்று அவர் காலுக்கடியில் டகடகவென்று ஆடியது.

கழுத்து நின்றது.

அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு மடிப்பாக, கீழே இறங்கியது.

கூட்டம் ஊளையிட்டது. "சுளுக்குக் கொக்கு!" என்று மேளக்காரன் ஒருவன் கத்த, தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சிரிப்பில் கூட்டம் கொஞ்சம் விலகியது. மச்சினன் லாரியை நத்தை மாதிரி உருட்டினான். கம்பி கொக்கின் வாலைத் தாண்டும் வரை கவட்டை குதிகாலைக் கீழே வைக்கவில்லை.

சதுக்கத்துக்குள் வந்ததும் வயிற்றுக் கதவு திறந்தது. மகள் வேர்வையில் நனைந்து மேலே ஏறி வந்தாள். பின்னால் திரும்பிக் கம்பியைப் பார்த்தாள், வெடித்த உறையைப் பார்த்தாள். அப்படியே கொக்கின் முதுகில் உட்கார்ந்துவிட்டாள்.

"மிதிச்சேனே, காதுல விழலையா?" என்றார் கவட்டை.

"விழுந்துச்சு. எப்பவும் போல மிதிக்கிறீங்கன்னுதான் இழுத்தேன். அப்புறம் தலைக்கு மேல தகரம் ஆடுச்சு. உங்க கால் நடுங்கி நான் பாத்ததே இல்லப்பா. அதான் பயந்துட்டேன்."

"அவனுங்கள இறக்கிவிட்டது நான்தான். லாரி எழும்பும்னு எனக்குத் தோணவே இல்ல. தப்பு என்னுது."

கீழே மேளத் தலைவர் கையைத் தட்டினார். "என்னண்ணே, கொக்கு தூங்கிடுச்சா? இங்கதான் கம்பியே இல்லையே, தூக்கச் சொல்லுங்க!" கூட்டமும் "தூக்கு, தூக்கு" என்று சேர்ந்துகொண்டது.

மகள் உள்ளே போக எழுந்தாள். கதவைத் திறந்து உள்ளே இருந்த இரும்புப் பிடியைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"கொஞ்ச நேரம் ஆகட்டும்பா. கத்துறாங்களே..."

கவட்டை கம்பைக் கொக்கின் முதுகில் படுக்க வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கத்தட்டும்" என்றார்.