டி ஃபார் தேவதானப்பட்டி

எங்கள் ஏலக்காய் கம்பெனியில் வெளிநாடு போகிறவர்கள் இரண்டு பேர், அண்ணனும் நானும். அனுப்பி வைக்கிறவர் ஒருவர்தான், மதினி. விசிட்டிங் கார்டில் அண்ணன் பெயர் உண்டு, என் பெயர் உண்டு, மதினி பெயர் கிடையாது. ஆனாலும் வருஷத்துக்கு ஏழெட்டு முறை வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சரக்கு பேசிவிட்டு நாங்கள் ஒழுங்காக எங்கள் ஊர் தேவாரத்துக்கு வந்து சேர்கிறோம் என்றால் அது அவர் கைங்கரியம்தான். இதை ஒப்புக்கொள்ளவே எனக்குப் பல வருஷம் ஆனது. எனக்கு வாயும் ஜாஸ்தி, கோபமும் ஜாஸ்தி.

மதினி படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. குடோனுக்கு மேலே இருக்கிற ஆபீஸ் அறையில் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு நீள நோட்டு, உரக்கடையில் கொடுத்த காலண்டர். அந்தக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார். பாஸ்போர்ட் முடிகிற தேதிக்கு அல்ல, அதற்கு ஆறு மாதம் முந்தைய தேதிக்கு. நான் ஒருமுறை, இன்னும் நாலு மாசம் இருக்கிறதே, அதற்குள் ஒரு நடை போய் வந்துவிடலாமே என்றேன். "ஆறு மாசம் இல்லேன்னா அவுகளுக்கு அது செத்த பாஸ்போர்ட்டுதான் தம்பி" என்று சொல்லிவிட்டுப் புதுப்பிக்கிற விண்ணப்பத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

பெட்டி கட்டுவதிலும் அவர் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது. அண்ணனுக்கு எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுக் குழம்புப் பொடி வேண்டும். அந்தப் பக்கத்து நாடுகளில் கசகசா கொண்டுபோனால் போதைப் பொருள் என்று பிடித்துக்கொள்வார்கள் என்பதை எங்கேயோ படித்து வைத்திருந்தார். அன்றிலிருந்து பயணத்துக்கென்று கசகசா போடாத பொடி தனியாக அரைத்து, டப்பா மேல் விமானம் படம் வரைந்து ஒட்டியிருக்கிறார். படம் பார்க்கக் காக்கா மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பொடியால் இதுவரை எந்த ஏர்போர்ட்டிலும் எங்களுக்குச் சிக்கல் வந்ததில்லை.

டிக்கெட் போடுவதை அவர் மலைப்பாதையிலிருந்துதான் தொடங்குவார். கொச்சியில் ஏறுவதா, மதுரையில் ஏறுவதா என்பதுதான் முதல் கேள்வி. கார்த்திகை பிறந்துவிட்டால் கொச்சிப் பேச்சே கிடையாது. சபரிமலைக்குப் போகிற வண்டிகளுக்காக, கொச்சிக்கு மலையேறுகிற கம்பம் மெட்டையும் குமுளியையும் ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். ஒரு வருஷம் கொச்சி டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று அவரிடம் கேட்காமல் நானே போட்டுக்கொண்டேன். கம்பம் மெட்டில் முன்னால் நின்ற வேனில் சரண கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் காருக்குள் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். விமானம் போய்விட்டது. வீட்டுக்கு வந்தபோது மதினி தட்டு வைத்துச் சோறு போட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரு வழக்கம் மட்டும் விடவில்லை. புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்லமாட்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், அவர் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. "அவுக", "மாமா", அவ்வளவுதான். நம் ஊர்க்காரன் பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் அப்பா பெயர்தான் இருக்கும். ஆக, அண்ணனுக்கு டிக்கெட் போட்டால் சொல்லக்கூடாத பெயர் இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கும். எழுதுவதற்குத் தடையில்லை. போனில் விமானக் கம்பெனிக்காரர்கள் பெயர் கேட்டால்தான் வம்பு.

அதற்கும் வழி வைத்திருந்தார். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வார். எம் ஃபார் மதுரை, பி ஃபார் பெரியகுளம், டி ஃபார் தேவதானப்பட்டி. டெல்லியிலோ எங்கோ உட்கார்ந்திருக்கிற பெண், தேவதானப்பட்டிக்கு ஸ்பெல்லிங் கேட்கும். அதையும் பொறுமையாகச் சொல்வார். ஜி-க்குக் கெங்குவார்பட்டி என்பார். அது கே-யில்தானே வரும் என்று நான் மல்லுக்கு நின்றபோது, பஸ்ஸில் இங்கிலீஷ் போர்டைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஜி-தான். இப்படியே எங்கள் ஜில்லா முழுவதையும் டெல்லிக்காரிக்குக் காட்டித்தான் அண்ணன் இத்தனை முறை பறந்திருக்கிறார்.

போன ஐப்பசியில் அண்ணன் ஒரு புது நாட்டுக்குக் கிளம்பினார். அங்கே ஒரு பெரிய வியாபாரி வருஷம் முழுவதற்கும் எங்கள் சரக்கை எடுப்பதாக இருந்தார், நேரில் பேசிக் கையெழுத்துப் போடவேண்டும். அவர் இரண்டு தடவை தேதியைத் தள்ளியதில் விசாவில் கடைசி நாள் நெருங்கிவிட்டது. மறுநாளுக்குள் அந்த நாட்டுக்குள் கால் வைத்தாகவேண்டும், இல்லையென்றால் விசா செல்லாது. கொச்சியில் ஏறிய விமானம் தாமதமாகி, நடுவில் மாறவேண்டிய ஊரில் அடுத்த விமானம் போயே போய்விட்டது.

மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணன் எனக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். கவுண்டரில் நூறு பேர் நிற்கிறார்கள், ஹெல்ப்லைனில் பேசச் சொல்கிறார்கள் என்றார். குரலே சரியில்லை. இணைப்பைத் துண்டிக்காமல் போனோடு மாடிக்கு ஓடினேன். மதினிக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. காலையிலிருந்து கம்ப்யூட்டரில் அந்த விமானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சாயங்காலம் அதே கம்பெனி விமானம் இன்னொன்று இருக்கிறது, இரண்டே சீட்டு, ஹெல்ப்லைனில்தான் மாற்ற முடியும் என்றார். அதற்காகத் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு ஏற்கெனவே நாற்பது நிமிஷமாகக் காத்திருந்தார்.

கடைசியில் பேசியது மனுஷி இல்லை, மெஷின். பயணியின் முழுப் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டது.

மதினி மதுரையில் ஆரம்பித்தார். பெரியகுளம் வருவதற்குள் மெஷின் குறுக்கிட்டு, மன்னிக்கவும், புரியவில்லை என்றது. எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து போனுக்குள் அண்ணன் பெயரைக் கத்தினேன். நான் போட்ட சத்தத்தில் அதற்கு அதுவும் புரியவில்லை. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும் என்றது. மறுபடி நாற்பது நிமிஷம் காத்திருந்தால் அந்த இரண்டு சீட்டும் இருக்காது.

மதினி என்னைத் தோளில் தொட்டு நகர்த்தினார். போனைக் கிட்டத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு அண்ணன் பெயரையும் எங்கள் அப்பா பெயரையும் சொன்னார். முழுசாக, நிதானமாக, ஒரெழுத்துப் பிசகாமல். அண்ணன் பெயர் அவ்வளவு நல்ல பெயர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. மெஷின் நன்றி சொல்லி ஓர் ஆளிடம் இணைத்தது, ஐந்து நிமிஷத்தில் சாயங்கால விமானத்தில் சீட்டு உறுதியானது.

அப்போதுதான் என் கையிலிருந்த போன் ஞாபகம் வந்தது. அண்ணன் இன்னும் இணைப்பில் இருந்தார். இரண்டு முறை "அண்ணே" என்று கூப்பிட்டேன்.

"ஏலே, அங்கன யாரு பேசுனது?" என்றார்.

"மதினிதாண்ணே."

ஏர்போர்ட் அறிவிப்புச் சத்தத்துக்கு நடுவே, "இன்னொருக்கா சொல்லச் சொல்லு" என்றார்.

சீட்டு கிடைத்துவிட்டதென்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் கேட்டது மதினி காதில் விழுந்துவிட்டது. முகம் சிவந்தது.

"மெசினுக்குத்தான் காது கேக்கல. அவுகளுக்குமா?" என்றபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, புது டிக்கெட்டில் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்க ஆரம்பித்தார்.