ஆளுக்கு ஒரு நெற்கதிர்

மூன்றாம் வகுப்புக்குப் பயிற்சி ஆசிரியையாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம்.

நேற்று வகுப்பு முடியும்போது, “நாளைக்கு எல்லாரும் உங்க வயல்லேருந்து ஒரு நெற்கதிர் கொண்டு வாங்க” என்றேன். சுற்றிலும் வயல்தானே, எல்லாருக்கும் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை எல்லார் கையிலும் கதிர். தேவி மட்டும் வரவில்லை.

சாயங்காலம் கட்சிக் கொடிக்கம்பங்கள் வரிசையாக நிற்கும் பேருந்து நிறுத்தத்துக்கு, தேவியின் அம்மா என்னைத் தேடி வந்தார்.

“எங்களுக்கு ஏது டீச்சர் வயலு? புள்ள, நான் வேலைக்குப் போற வயல்ல இறங்கி ஒரு கதிர ஒடிச்சிருக்கு. வயல்காரரு பாத்துட்டாரு. டீச்சர் கேட்டாங்கன்னு சொல்லியிருக்கு. ‘இது உங்க டீச்சர் வயலா?’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு. என்னையும் இனிமே வேலைக்கு வர வேணாம்னுட்டாரு.”

“நான் வந்து அவர்கிட்ட பேசுறேன்க்கா.”

“வேணாம் டீச்சர். நீங்க பயிற்சி முடிஞ்சா போயிடுவீங்க. நாங்க இங்கதானே இருக்கணும்? இனிமே ஏதாச்சும் வேணும்னா எங்கிட்ட சொல்லி அனுப்புங்க. நானே யார்கிட்டயாவது கேட்டு வாங்கித் தர்றேன். புள்ளைய அனுப்பாதீங்க.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பாடக்குறிப்பில், கற்பித்தல் பொருள் என்ற இடத்தில், ‘செலவில்லாமல் எளிதில் கிடைப்பது’ என்று எழுதியிருந்தேன். மேற்பார்வைக்கு வந்தவர் அதன் பக்கத்திலேயே ‘மிக நன்று’ போட்டிருக்கிறார்.

திங்கட்கிழமைப் பாடம் ‘நம் வீடு’. பிள்ளைகளிடம் என்னவெல்லாம் கேட்கக் கூடாது என்று, தெரிந்தவர்கள் இப்போதே சொல்லிவிடுங்களேன்.