அன்று வானத்தில் எதுவும் வரவில்லை

முதலாளியானதால்தான் நான் கார் ஓடுவதை விட்டேன் என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை. பயத்தால்தான் விட்டேன்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு வரை இலங்கையின் தெற்கில் பந்தயக் கார் ஓடினேன். மலைப் பாதையில் மற்றவர்கள் பிரேக் பிடிக்கும் வளைவுகளில் நான் பிடிப்பதில்லை. எஞ்சின் இரைச்சல் காதை நிறைத்துவிட்டால் பயம் நுழைய இடமிருக்காது. அந்த ஆடிக் கலவரத்தில் கொழும்பில் என் கராஜையும் காரையும் கொளுத்தினார்கள். உடுத்த துணியோடு கப்பலில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினேன். சுன்னாகத்தில் வெங்காய லொறிகள் வைத்திருந்த என் தகப்பனார், ஐயா, "ஓடினது காணும், இனி யாவாரத்தைப் பார்" என்றார். பார்த்தேன். ஆனால் வீட்டுக் காரின் திறப்பை மட்டும் ஒருவரிடமும் கொடுக்கவில்லை.

பிறகு போர் வந்தது, வடக்குக்குப் பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வழியில் நின்றால் மறுபடியும் பெற்றோல் விட வேண்டும். அதற்காகச் சிறு போத்தல் ஒன்று எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும்.

ஒருநாள் சந்தையடியில் நின்ற எங்கள் லொறியை இராணுவ ஹெலிகொப்டர் சுட்டுச் சல்லடையாக்கியது. அன்றிலிருந்து எஞ்சின் இரைச்சலே எனக்குப் பயமாகிவிட்டது. அது இரையும்போது வானத்தில் என்ன வருகிறது என்று எப்படித் தெரியும்?

அடுத்த கிழமை ஒருநாள் காலையில் புத்தூரிலிருந்து தங்கச்சியின் புருஷன் சைக்கிளில் ஓடி வந்தார். அவளுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது.

"பக்கத்து வீட்டு உழவு ராக்டர் நிக்குது மச்சான். அதிலை ஏத்துவமோ?" என்று கேட்டார்.

"நான் இருக்கேக்கை ராக்டரே?" என்றேன்.

புத்தூருக்குக் காரை விட்டேன். பின்சீற்றில் ஏறிய தங்கச்சி வலியோடு சிரித்தாள். "அண்ணை, இண்டைக்கு ஒருத்தரும் பந்தயக் கப் தரமாட்டினம். மெல்ல ஓடுங்கோ."

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். கோப்பாயை நெருங்கினோம். என்னவோ கேட்பதுபோல் இருந்தது. வானத்துக்குக் காது கொடுக்க எஞ்சினை நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டினியள்?" மச்சான் பதறினார்.

பனைகளுக்கு அப்பாலிருந்து படபடவென்று ஒரு சத்தம். "ஹெலி!" என்று கத்திக்கொண்டு கதவைத் திறந்து ஓடினேன்.

"அண்ணை, உது தண்ணி இறைக்கிற மெசின்! தோட்டத்துக்கு இறைக்கினம்! ஓடாதேங்கோ!"

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வில் பிழை என்று சொல்பவன் நான். ஆனாலும் கால்கள் நிற்கவில்லை. வாய்க்காலைத் தாண்டும்போது விழுந்தேன். போத்தல் உடைந்து நெஞ்செல்லாம் பெற்றோல் மணத்தது. பனையடியில் முகம் புதைத்துக் கிடந்தேன். மெசின் தன்பாட்டில் இறைத்துக்கொண்டிருந்தது.

நான் திரும்பி வந்தபோது மச்சான் தனியே காரைத் தள்ளிக்கொண்டிருந்தார். பெற்றோல் இல்லாமல் அது கிளம்பவில்லை. கடைசியில் அந்த வழியே வந்த ஒரு ராக்டரில், வெங்காய மூட்டைகளின் மேல் அவளைக் கிடத்தினோம். குழந்தை அந்த மூட்டைகளின் மேலேயே பிறந்தது. ஆண் குழந்தை. அழவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் தங்கச்சி தானாகவே சொன்னாள்: "ஹெலி வந்திட்டுது. அண்ணை என்ன செய்யிறது?" மச்சான் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். ஐயா என்னிடமிருந்து திறப்பை வாங்கிக்கொண்டு, "நீ இனி ஓடவேண்டாம். என்ரை முதலாளிக் கதிரையிலை இரு" என்றார். மகனைச் சாவின் வாயிலிருந்து மீட்டுவிட்டதாக அவர் நினைத்தார். அப்படித்தான் நான் முதலாளியானேன். நான் ஓட அஞ்சிய தெருக்களுக்கு மற்றவர்களின் பிள்ளைகளை லொறியோடு அனுப்பினேன். அவர்கள் திரும்பும்வரை கதிரையில் வியர்த்தபடி இருப்பேன்.

தங்கச்சி வீட்டுக்குப் போவதை நிறுத்தவும் எனக்குத் துணிவில்லை. போனால் தேத்தண்ணி தருவாள், ஊர்க்கதை கதைப்பாள். பக்கத்துத் தோட்டத்தில் மெசின் இறைக்கத் தொடங்கினால், அது எனக்குக் கேட்காதிருக்கக் குரலை உயர்த்திக் கதைப்பாள்.