முப்பத்திரண்டு வீட்டிலும் நல்லா இருக்காம்

காலையில் கதவைத் திறந்ததும் சுகேசியின் கண்ணில் படுவது அந்த இயந்திரம்தான். பார்த்த உடனே எரிச்சல் வரும். இறால் அப்பளம் காயவைக்கும் முற்றத்தில் பாதியை அது அடைத்துக்கொண்டு நின்றது. ஆள் உயரத் தகரப் பெட்டி, அடியில் உமி எரிக்கும் அடுப்பு, பக்கவாட்டில் ஒரு மின்விசிறி, உள்ளே பன்னிரண்டு எஃகுத் தட்டுகள். துரு ஏறிவிடக் கூடாதென்று தினமும் இரண்டு முறை துடைத்துவைத்தாள். துடைக்கப்படுவதைத் தவிர அந்தப் பெட்டி வேறு எந்த வேலையும் செய்யவில்லை.

அதைச் செய்தவள் அவள் தங்கை ரத்ரி. பக்கத்துப் பெருநகரமான சுரபாயாவில் இயந்திரப் பொறியியல், மூன்றாம் ஆண்டு. அவர்கள் ஊரான சிடோஆர்ஜோவில் அந்தத் தெருவிலிருந்து பொறியியல் படிக்கப் போன முதல் பெண். ஆறாம் வகுப்போடு நின்றுபோன சுகேசி அவளுக்குப் பதினான்கு வயது மூத்தவள். ஏழு வயதில் ரத்ரி மாவு பிசையும் இயந்திரத்தைக் கழற்றி மறுபடி பூட்டினாள். ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது. இயந்திரம் என்னவோ முன்னைவிடச் சத்தமில்லாமல் ஓடியது. அந்தத் திருகாணியை சுகேசி இன்னும் ஒரு கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கிறாள். யாரிடமும் காட்டியதில்லை.

வம்பு இந்த ஆண்டுதான் வந்தது. தொழில்முனைவு என்று ஒரு பாடம். முன்பெல்லாம் அதில் தேற ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை. மாணவர்கள் ரிசோல் என்ற பலகாரத்தைப் பொரித்து வகுப்பு வகுப்பாகப் போய் விற்பார்கள். பாலம் கட்டப் படிப்பவன் விற்பதை மின்சாரம் படிப்பவன் வாங்குவான், மறுநாள் அவன் விற்பதை இவன் வாங்குவான். எல்லோரும் தேறுவார்கள். புதிதாக வந்த ஆசிரியர் பாக் வினார்னோ, அதாவது வினார்னோ ஐயா, அதையெல்லாம் நிறுத்திவிட்டார். படிக்கிற படிப்பை வைத்து ஒரு தொழிலின் தொல்லையைத் தீர்க்க வேண்டும். முதலில் அந்தத் தொழில் செய்கிறவர்களைக் கேட்க வேண்டும். செய்ததைக் குடும்பத்தில் இல்லாத ஒருவராவது இரண்டு வாரம் பயன்படுத்த வேண்டும். அதை அவரே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்வார்.

“ரிசோலையே வச்சுக்கிட்டா அந்த மனுசனுக்கு என்ன கொறஞ்சுபோகும்? நானே ஐந்நூறு பொரிச்சுக் குடுத்திருப்பேனே!” என்றாள் சுகேசி.

“ரிசோல் பொரிக்கவா அக்கா என்னைப் படிக்க அனுப்புன?”

இந்தப் பாடத்தில் தோற்றால் ரத்ரியின் உதவித்தொகை நின்றுவிடும். உதவித்தொகை நின்றால் படிப்பும் நின்றுவிடும். இருவருக்கும் அது தெரியும்.

தெருவே இறால் அப்பளத் தெரு. மழைக்காலத்தில் அப்பள வில்லைகள் காயாமல் பூசணம் பிடிக்கும். எனவே ரத்ரி உலர்த்தும் பெட்டி செய்வதென்று முடிவு செய்து, படத்தை எடுத்துக்கொண்டு முப்பத்திரண்டு வீடுகளுக்கும் போனாள். முப்பத்திரண்டு வீட்டிலும் தேநீர் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு வீட்டிலும் ரொம்ப நல்லா இருக்கு, செய்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். குறிப்பேட்டைப் பார்த்த பாக் வினார்னோ, “முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டா? எந்த ஊரும்மா அது?” என்று கேட்டாராம். ரத்ரி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

இயந்திரம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. தினமும் மழை. ஒருவரும் வரவில்லை. ஒரு வீட்டில் மருமகனைக் கேட்க வேண்டும் என்றார்கள். இன்னொரு வீட்டில் பெருநாள் முடியட்டும் என்றார்கள். பெருநாளுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. எதிர்வீட்டுக் காசியாத்தி அம்மா, தெருவுக்கெல்லாம் பு காசியாத்தி, ஒவ்வொரு நாளும் வேலிக்கு அப்பாலிருந்து, “அடேயப்பா, என்ன அழகு!” என்று சொல்லிவிட்டுத் தன் வில்லைகளை அடுப்புக்கு மேலே பரணில் காயவைக்கப் போய்விடுவாள்.

அந்த ஞாயிறு ரத்ரி வீட்டுக்கு வந்து, பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

“இன்னும் பதினெட்டு நாள்தான்க்கா இருக்கு. எல்லாரும் நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க?”

“சொல்லாம? வீடு தேடி வந்த பொண்ணு மூஞ்சிக்கு நேரா ஆகாதுன்னு எவ சொல்லுவா? அதை நம்பித் தகரம் வெட்ட ஆரம்பிச்சிட்டியா? நீ இந்த ஊர்ல பொறந்தவதானே?”

“அப்ப இதுல ஏதோ கோளாறு இருக்கா?”

சுகேசி துணியைப் பிழிந்தாள்.

“அக்கா! உனக்குத் தெரியுமா?”

“தட்டு சின்னது” என்றாள் சுகேசி கடைசியில். “நம்ம மூங்கில் தட்டி ரெண்டு பேர் தூக்குற நீளம். வரிசைக்குப் பதினஞ்சா எட்டு வரிசை, ஒண்ணோட ஒண்ணு படாம அடுக்கிருப்போம். அதுலேருந்து நூத்தியிருபதையும் ஒவ்வொண்ணா எடுத்து உன் தட்டுல திரும்ப அடுக்கணும். அதுக்குப் பரணே தேவலை.”

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“நீ படம் காட்டுனப்பவே.”

“அப்ப என்ன சொன்ன நீ?”

சுகேசிக்கு நன்றாக நினைவிருந்தது. நல்லா இருக்கு என்றுதான் சொல்லியிருந்தாள். அவ்வளவு நேர்த்தியாகக் கோடு போட்ட படத்தை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதில் எப்படிக் குறை சொல்வது?

“முப்பத்திமூணு பேர்!” என்று தலையில் கைவைத்துக்கொண்டாள் ரத்ரி. “வெளியாளுங்க முப்பத்திரண்டு. கூடப் பொறந்தது ஒண்ணு!”

அந்த வார்த்தை சுகேசிக்குச் சுருக்கென்று தைத்தது. யார்மேல் கோபப்படுவதென்று தெரியாமல் எல்லோர்மேலும் கோபப்பட்டாள். பாக் வினார்னோமேல், தெருமேல், தன்மேல். துணியை வாளியில் எறிந்தாள். மறுபடி எடுத்து நான்காக மடித்துக் கொடியில் போட்டாள். பிறகு நேராக வேலிக்குப் போனாள்.

“பு காசியாத்தி! கொஞ்சம் வாங்களேன். மோசம் போயிட்டோம்.”

“ஏன், என்னாச்சு?”

“இந்தப் பெட்டி ரத்ரி செஞ்சதில்லையாம். காலேஜ்ல மாறிப்போச்சாம். ஜெம்பர் ஊர்க் காலேஜ் பசங்க செஞ்சது இங்க வந்துருச்சாம்.”

பு காசியாத்தியின் முகம் மலர்ந்தது. “அதானே பார்த்தேன்! நம்ம பொண்ணு செஞ்சது இவ்வளவு கேவலமாவா இருக்கும்?”

அவள் பெட்டியைச் சுற்றி வந்தாள். வரும்போதே இன்னும் நான்கு பெண்களைக் குரல் கொடுத்து அழைத்தாள். தட்டு சின்னது. எஃகில் வில்லை ஒட்டும், பிய்த்தால் உடையும். விசிறி ஒரு பக்கமாக ஊதுகிறது, அந்தப் பக்கம் கருகும், இந்தப் பக்கம் ஈரமாகவே இருக்கும். உமி போடக் குனிந்தால் இடுப்பு போய்விடும். கதவின் கைப்பிடி இரும்பு, தொட்டால் தோல் உரியும்.

“இந்த ஜெம்பர் பசங்க ஆயுசுல ஒரு அப்பளமாவது காயவச்சிருப்பானுங்களா?”

“தின்னிருப்பானுங்க!”

அதற்குள் உள்ளே நழுவிவிட்ட ரத்ரி சன்னலுக்குப் பின்னால் நின்று எழுதிக்கொண்டே இருந்தாள். மொத்தம் பத்தொன்பது குறைகள். அவர்கள் போன பிறகு, இரண்டு குறைகளை ஒன்றாக எழுதியிருக்கிறாய், இருபது வர வேண்டும் என்று சுகேசி திருத்தினாள்.

ஜெம்பர் பெட்டியைத்தான் பழுது பார்க்கிறோம் என்று தெருவுக்குச் சொல்லிவிட்டு, நாலே நாளில் ரத்ரியும் அவள் கல்லூரிக் குழுவைச் சேர்ந்த இரண்டு பேரும் தகரத்தை வெட்டிப் பெட்டியை நீளமாக்கினார்கள். மூங்கில் தட்டி அப்படியே உள்ளே நுழைந்தது. விசிறியை நடுவுக்கு மாற்றி, அடுப்பை இடுப்பளவுக்கு உயர்த்தினார்கள். கைப்பிடிக்கு மரம் கடைய நேரமில்லை. இருபதில் அந்த ஒன்று பாக்கி.

ஐந்தாம் நாள் யாரையும் கேட்காமல் பு காசியாத்தி தன் தட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. ஜெம்பர் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டேதான் வந்தாள்.

பதினெட்டாம் நாள் பாக் வினார்னோ கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். அன்று பு காசியாத்தி முறைத்துக்கொண்டாள்.

“ஜெம்பர் பசங்களுக்கு நான் எதுக்குச் சாட்சி சொல்லணும்? ரத்ரி பெட்டி வரட்டும், சொல்றேன்.”

இனி மறைக்க முடியாது. சுகேசி தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னாள்.

பு காசியாத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, ரத்ரி செஞ்சதா? நான் என்னென்னவோ பேசிட்டேனே! தங்கமான பெட்டிம்மா இது!”

“வேணாம் பு, திட்டுங்க! உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்” என்றாள் ரத்ரி. அதற்குள் தொலைபேசி அடித்தது.

“நல்லா இருக்குங்க பாக்” என்றாள் பு காசியாத்தி, எதிரில் இல்லாதவருக்கும் குனிந்து மரியாதை செய்தபடி. “ரொம்ப நல்லா இருக்குங்க.”

ஏதாவது குறை உண்டா என்று தொலைபேசியின் ஒலிபெருக்கியில் அவர் கேட்டார்.

“குறையா? ஒண்ணுமே இல்லீங்க.”

“நிஜமாவே பயன்படுத்துறீங்களாம்மா?” என்றார் அவர். குரல் சலித்துப்போயிருந்தது. அவரும் அதே மண்ணில் பிறந்தவர்தான். இப்படி எத்தனை ‘நல்லா இருக்கு’ கேட்டிருப்பாரோ. ரத்ரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுகேசிக்குப் பு காசியாத்தியின் வாயைப் பிடித்துக் கிள்ள வேண்டும்போல இருந்தது.

அப்போது தட்டி திருப்பும் நேரமாகிவிட்டது. பேச்சு பேச்சாக இருக்க, பு காசியாத்தியின் கை பழக்கத்தில் தானாகக் கதவுக்குப் போனது.

“ஆ! சுட்டுருச்சு! எத்தனை வாட்டி சொல்றது, இந்தக் கைப்பிடிய மாத்தித் தொலைங்கன்னு! தினமும் ரெண்டு தடவை கையைச் சுட்டுக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா? இப்பத் திருப்பலேன்னா வில்லை வேற கருகிடும். சுகேசி, நின்னு வேடிக்கை பாக்காம தட்டியைப் பிடி!”

தொலைபேசியில் பாக் வினார்னோ வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது.

“போதும்மா, எனக்கு இது போதும். ரத்ரி, உன் பாடம் முடிஞ்சுது. முதல்ல அந்தக் கைப்பிடிய மாத்து.”

சுகேசி தட்டியின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள். கண் கலங்கியதற்கு உமிப்புகையைக் காரணம் சொல்லிக்கொண்டாள். மாலையில் மரக் கைப்பிடி பூட்டியாயிற்று. ரத்ரி அக்காவின் தட்டியிலிருந்து நான்கு வில்லைகளைப் பொரித்து எடுத்துவந்து, ஒன்றைக் கடித்துவிட்டு யோசித்தாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? உன் அப்பளத்துல உப்பு ஜாஸ்தி. சின்ன வயசுலேருந்தே.”

சுகேசி எரித்துவிடுவதுபோல் அவளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பென்சிலை எடுத்துவந்தாள்.

“எவ்வளவு ஜாஸ்தின்னு சரியாச் சொல்லு.”